செல்வி பொறுக்கிய அரிசி

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு சின்னப் பிள்ளையை அழ வைத்துவிட்டேன். அதற்காகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், கடை எண், நடந்தது என்ன, காரணம் என்ன. காரணத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். ‘உடல் அசதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய். அந்த மூன்று வரிக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளிக் கேண்டீனில் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அடுப்படி, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். விடிவதற்கு முன்னே வந்து சோறு வைத்து, காய் வதக்கி, கோழியைக் குழம்பில் போட்டால், இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வரும். அரை மணி நேரம் கை ஓயாது. அப்புறம் தட்டுகளைக் கழுவ வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் நான் செய்கிற உத்தியோகம் இப்படித்தான், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாறியதைத் தவிர.

இங்கே பள்ளிக்கூடச் சோற்றுக்குச் சட்டம் உண்டு. வெள்ளை அரிசியோடு தீட்டாத பழுப்பரிசியைக் கலந்துதான் ஆக்க வேண்டும். எண்ணெயில் பொரித்ததற்குக் கணக்கு. தட்டில் காய் இருக்க வேண்டும், ஒரு துண்டுப் பழம் இருக்க வேண்டும். இனிப்புத் தண்ணீர் விற்கக் கூடாது. வெளியே கடைகளில் விற்கிற பானத்தில்கூடச் சர்க்கரை எவ்வளவு என்று எழுத்துப் போட்டு ஒட்டியிருப்பார்கள். சின்ன வயதில் நாக்குக்குப் பழகியதுதான் பெரியவனானதும் சர்க்கரை வியாதியாக வந்து நிற்கிறது என்று இந்த அரசாங்கத்துக்குக் கவலை. சோதனைக்கு ஆள் வரும். கரண்டியை வாங்கிப் பார்ப்பார்கள், உப்பு டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

அன்றைக்கு ஒரு மூன்றாம் வகுப்புச் சீனப் பிள்ளை, இரட்டைப் பின்னல் போட்டது, ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்து சோற்றிலிருந்த பழுப்பரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரிசை. பிள்ளைகள் இப்படிச் செய்வது வழக்கம்தான், நூறு தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, கரண்டியோடு வெளியே ஓடிப் போய், “ஏட்டி, எதுக்குப் பொறுக்குத? பேசாம தின்னு!” என்று கத்திவிட்டேன். தமிழில் கத்தினேன். தென்காசித் தமிழில். பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒரு எழுத்துக்கூடப் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தே அழுதுவிட்டது.

2

என் தங்கை செல்வி தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் முத்துலெட்சுமி. எங்களுக்கு முத்து. ஆய்க்குடியில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை துபாயில் வேலை. லீவுக்கு வந்து போவார், அதனால் கல்யாணமானதிலிருந்தே முத்து பெரும்பாலும் அம்மா வீட்டில்தான்.

செல்வி எட்டாவதோடு நின்றவள். ஆனால் பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. தெருவில் என்னைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் அவள் சொல்லி வைத்திருந்தது இது: “எங்க அக்கா சிங்கப்பூர்ல பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு ஆபீசரு. அவ சரின்னு சொன்னாத்தான் பிள்ளையளுக்குச் சோறே போடுவாவ.”

இதை முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திருத்தியிருக்கலாம். “ஏட்டி, நான் ஆபீசர் இல்லட்டி, கரண்டி பிடிக்கவ” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போது தெருவில் நாலு பேர் எழுந்து நின்று, “வாங்கம்மா, எப்ப வந்திய?” என்று கேட்கிற சுகம் இருக்கிறதே, அதை விட மனசில்லை. இங்கே என்னை யார் எழுந்து நின்று கேட்கிறார்கள்? கேண்டீனில் எனக்குப் பெயர் ‘ஆன்ட்டி’. கடை எண் நான்கு.

போன வருடம் ஒரு நாள் வேலை முடிந்து ரயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்தது, கண் சொருகியது. வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். ரேஷன் அரிசியைத் தண்ணீரில் போடுகிறான், சில அரிசி மிதக்கிறது. வேகவைத்த சோற்றைப் பந்தாக உருட்டித் தரையில் அடிக்கிறான், துள்ளுகிறது. பிளாஸ்டிக் அரிசி, மக்களே உஷார். அதை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே எங்கள் குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். தள்ளியதோடு நிற்காமல் ஒரு குரல் பதிவு வேறு.

“ஏட்டி செல்வி, ரேஷன் அரிசியப் பாத்து ஆக்கு. பிளாஸ்டிக்கு கலக்காவளாம். மிதக்கதப் பூரா பொறுக்கி எடுத்துரு. முத்து இருக்கா வீட்ல, ஞாவகம் வச்சுக்க.”

அக்கறையாம். பதிவைப் போட்டுவிட்டு என் ஸ்டேஷன் வரைக்கும் தூங்கினேன். வீட்டுக்குப் போனதும் மறந்தும் போனேன்.

3

பள்ளிக்கு ஜூன் மாதம் விடுமுறை. கேண்டீனும் பூட்டு. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் அந்த நேரத்தில்தான் ஊருக்குப் போவேன், குற்றாலத்துச் சாரலும் அப்போதுதான் என்பதால் மனசுக்குள் ஒரு கணக்கு. இந்த ஜூனில் தனியாகப் போனேன். மகள் கயல் வரவில்லை. பதினாறு வயது. “உங்க ஊருக்கு நீங்க போய்ட்டு வாங்கம்மா, எனக்கு பிராஜெக்ட் இருக்கு” என்றாள். ‘உங்க ஊர்’ என்று அவள் எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு லீவு இல்லை.

மேலகரத்தில் இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. மலை முழுக்க மேகம். செல்வி வாசலுக்கு ஓடி வந்தாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்க விடவில்லை, கையைப் பிடித்து நேராக அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

“யக்கா, கண்ண மூடு.”

“என்னட்டி விளையாட்டு?”

“மூடுன்னா மூடேன்!”

கண்ணைத் திறந்தபோது கையில் ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டில். ஊறுகாய் போட்டு வைப்போமே, அந்த அளவு. முக்கால்வாசிக்கு மேல் அரிசி. கொஞ்சம் மங்கலான, லேசாக மஞ்சள் ஓடிய அரிசி.

“ஒரு வருசமாப் பொறுக்குனது. ஒண்ணு விடல. நீ சொன்ன பொறவு ஒரு நாளு கூட நான் பாக்காம உலையில போட்டதில்ல. வெளிச்சத்துல ஒரு தடவ பொறுக்குவேன், தண்ணியில போட்டு மிதக்கத இன்னொரு தடவ எடுத்துக் காய வைப்பேன். நீ வந்தா காட்டணும்னு எடுத்து வச்சேன். பாத்தியா, எம்புட்டு பிளாஸ்டிக்கு! எங்க வயித்துக்குள்ள போயிருக்கும் இம்புட்டும்.”

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் அந்த வீடியோவே நினைவுக்கு வந்தது. “சூரப்புலிதான்ட்டி நீ” என்று சொல்லி அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போது என் கையையே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

முத்து உள்ளே படுத்திருந்தாள். எட்டாவது மாதம். எழுந்து வந்து, “வாங்க பெரியம்மா” என்றாள். கைபிடித்தபோது ஜில்லென்று இருந்தது. உதடு வெளுத்திருந்தது. நாலு எட்டு வைத்ததற்கே மூச்சு வாங்கியது. வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தாள், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சையாக அரிசி.

“மசக்கை இன்னும் தீரல அவளுக்கு. எப்பப் பாத்தாலும் அரிசியத் திங்கா, சாம்பலத் திங்கா” என்று செல்வி சிரித்தாள். “நல்ல அரிசிதான் குடுக்கேன், பிளாஸ்டிக்கப் பொறுக்கி எடுத்தது.”

4

மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் வந்தாள். கிராமத்துக்கென்று இருக்கிற சுகாதார நர்ஸ். முப்பது வயதுக்குள் இருக்கும், ஸ்கூட்டியில் வந்தாள், ரெயின் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டாள். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு அவள் கையில் இருந்தது. வந்ததும் வராததுமாக முத்துவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

“ரத்தம் ஆறரைதான் இருக்கு, முத்துலெட்சுமி. போன தடவ எட்டு இருந்தது. இப்படி இருந்தா பிரசவத்துல என்ன செய்யது? இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும். மாத்திர சாப்பிடுதியா?”

முத்து அம்மாவைப் பார்த்தாள். செல்வி, “சாப்பிடுதா, சாப்பிடுதா” என்றாள்.

நர்ஸ் அடுப்படிப் பக்கம் திரும்பியவள், ஷெல்பில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். எடுத்தாள். மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்.

“இது என்னதுக்கா?”

“பிளாஸ்டிக்கு. ரேஷன் அரிசியில கலந்தது. பொறுக்கி வச்சிருக்கேன்.”

நர்ஸ் ஒன்றை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இது பிளாஸ்டிக் இல்லை. அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி பன்னிரண்டும் சேர்த்து, திரும்பவும் அரிசி மாதிரியே வார்த்தெடுப்பது. நூறு அரிசிக்கு ஒன்று என்று கலந்து ரேஷனில் கொடுக்கிறார்கள். ரத்தசோகை வராமல் இருக்க. வார்த்தெடுத்தது என்பதால் நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும்.

“எந்த அரிசியில சத்து இருக்கோ, அத மட்டும் பாத்துப் பாத்து எடுத்திருக்கிய. யாருக்கா சொன்னது?”

செல்வி பெருமையோடு என்னைக் கை காட்டினாள். அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. “எங்க அக்காதான். சிங்கப்பூர்ல சாப்பாட்டு ஆபீசரு.”

நர்ஸ் சட்டென்று நிமிர்ந்து நின்றாள். “மேடம், நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?” என்றாள். கோபம்கூட இல்லை, மரியாதையாகக் கேட்டாள். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். நான் ஆபீசர் இல்லை, மேடமும் இல்லை, கேட்காமல் கொள்ளாமல் ஒரு வீடியோவைத் தள்ளிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? “அங்க சிஸ்டம் வேற.”

சீ! இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கும்போது மெத்தைக்கடியிலிருந்து மாத்திரை அட்டைகள் விழுந்தன. பிரிக்காத அட்டைகள். நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். “அரிசியிலயே பிளாஸ்டிக் போடுதவன் மாத்திரையில என்னத்தப் போடுவானோன்னு பயந்துட்டேன், தாயீ. நாந்தான் திங்க வேண்டாம்னு சொன்னேன். அவ மேல தப்பில்ல.”

“அரிசி ஒண்ணுல மட்டும் எல்லாம் சரியாயிராது, அழாதிய” என்றாள் நர்ஸ். “இந்த மாத்திரையச் சாப்பிட்டிருந்தா இப்படி எறங்கியிருக்காது.”

ஆக, அரிசியைத் தாண்டி மாத்திரை வரைக்கும் போயிருந்தது நான் ரயிலில் உட்கார்ந்து தள்ளிவிட்ட பயம்.

5

தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ரத்தத்துக்குச் சீட்டு, சீட்டுக்குக் கையெழுத்து, கையெழுத்துக்கு ஆதார் அட்டை, அட்டையில் ஆய்க்குடி முகவரி. செல்வி வீட்டுக்காரர் ஓடிக்கொண்டே இருந்தார். செல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முத்துவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர், “குழந்தையும் எடை கம்மிதான், பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ‘பார்ப்போம்’ என்ற சொல்லைப் போல ஆளைக் கொல்லும் சொல் வேறு இல்லை.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரி விசாரித்தபோது செல்வி அழுதுகொண்டே சொன்னாள்: “எங்கக்கா ஆபீசரு, கூடயே இருக்கா, அதான் தைரியமா இருக்கேன்.” என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தவள், பஸ் ஸ்டாண்டில் நின்ற குற்றாலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சீசன் கூட்டம். மெயினருவியில் தண்ணீர் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனங்கள். குளிக்க மனசில்லை. மிளகாய் பஜ்ஜிக் கடை ஒன்றின் ஓரமாக நின்றேன். சட்டியில் எண்ணெய் கறுப்பாகக் கொதித்தது. பஜ்ஜியை எடுத்துச் செய்தித்தாளில் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தான் கடைக்காரன். அவன் தலைக்கு மேலேயே ஒரு போர்டு: பயன்படுத்திய எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, அச்சடித்த தாளில் உணவு கொடுக்கக் கூடாது. எழுத்தெல்லாம் புகை படிந்திருந்தது.

பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன தம்பி, எண்ணெ இந்தக் கலர்ல இருக்கு? எத்தன நாளு ஆச்சு மாத்தி? பேப்பர்ல வேற மடிக்கிய?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். என் கைப்பை, மூக்குக் கண்ணாடி, காலில் வெளிநாட்டுச் செருப்பு. அவன் முகம் மாறியது. செய்தித்தாளை அள்ளிப் பலகைக்கு அடியில் திணித்தான். “மேடம், இன்னிக்குத்தான் மேடம், இலை வாங்கப் போன ஆளு வரல. நீங்க உக்காருங்க மேடம். ஒரு பிளேட்டு சாப்பிட்டுப் பாருங்க.”

“வேண்டாம்பா.”

“மேடம், சீசன் ரெண்டு மாசந்தான். பொழப்புல கை வச்சிராதிய. ஆபீசர் வாரியன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா…” என்று கையைக் கூப்பினான். என்னைப் பார்த்து ஒரு ஆள் பயப்படுகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்வி பயந்ததும் இப்படித்தான். அரிசியைப் பார்த்து, மாத்திரையைப் பார்த்து, ஒரு வருடம் முழுக்க. அதுவும் நான் ஆபீசர் என்று நம்பி.

“நான் ஆபீசர் இல்ல தம்பி. பள்ளிக்கூடக் கேண்டீன்ல சோறு போடுதவ. தட்டு கழுவுதவ.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், வாய் நிறைய! “அதான பாத்தேன்! ஆபீசர்னா எண்ணெயப் பாத்து இம்புட்டுக் கவலப்படுவாவளா? யக்கா, அப்ப ஒரு பஜ்ஜி காசு குடுத்தே சாப்பிடுங்க. எண்ணெய நாளைக்கு மாத்திருதேன்.” திணித்த செய்தித்தாளை வெளியே எடுத்து உதறினான்.

நான் பஜ்ஜி சாப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே தென்காசிக்குத் திரும்பினேன். அந்த வாக்கியத்தை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, இன்னொரு தடவை சொல்லாவிட்டால் வாயிலேயே காய்ந்துவிடும் என்று பயமாக இருந்தது.

6

வார்டு வராந்தாவில் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். ஆபீசர் இல்லை என்பதை, வீடியோவை முழுசாகப் பார்க்காததை, அனுப்பிவிட்டுத் தூங்கியதை, பாட்டிலைக் காட்டும்வரை மறந்தே போயிருந்ததை.

செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். என் தங்கை பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

“நீ மறந்துட்டியா?” என்றாள் கடைசியில்.

“மறந்துட்டேன்ட்டி.”

“நான் ஒரு நாளும் மறக்கலியே, யக்கா.” கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “காலம்பற வாசல்ல உக்காந்து ஒண்ணொண்ணாப் பொறுக்குவேன். கண்ணு எரியும். முத்துவே சொல்லுவா, போதும்மான்னு. பெரியம்ம சொல்லியிருக்காட்டின்னு அவளத்தான் ஏசுவேன். நீ கேக்காமக் கொள்ளாம அனுப்புனத நான் சாமி வாக்கா எடுத்துக்கிட்டு என் பிள்ளைக்கு வந்தத நானே பொறுக்கிப் போட்டிருக்கேன்.”

“மன்னிச்சிரு செல்வி.”

“ஆபீசர்னு நாந்தான் சொன்னேன், சரி. நீ எதுக்கு இல்லன்னு சொல்லல?”

அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் ஊரில் இருந்த பத்து நாளும், சாப்பிட வா, தண்ணி சுடவச்சிருக்கேன் என்பதைத் தவிர என்னிடம் பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். அது பிளாஸ்டிக் இல்லை, சத்து அரிசி, யாரும் பொறுக்க வேண்டாம், சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் நர்ஸிடம் கேளுங்கள், நான் ஆபீசர் கிடையாது, கேண்டீன்காரி. பழைய வீடியோவுக்கு அறுபது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். இதற்கு மூன்று பேர். கடையநல்லூரில் இருக்கிற என் சின்ன நாத்தனார் எழுதினாள்: ‘மதினி போனை யாரோ ஹேக் பண்ணிட்டான், எல்லாரும் ஜாக்கிரதை.’ அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

முத்துவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம் இரும்புச் சத்தை டிரிப்ஸில் போட்டார்கள். உதட்டுக்குக் கொஞ்சம் நிறம் வந்தது. ஒரு மத்தியானம் செல்வி இல்லாத நேரத்தில் முத்துவிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க பெரியம்மா. நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவதான? மாத்திரை அட்டையில என்ன எழுதியிருக்குன்னு நானாச்சும் வாசிச்சிருக்கலாம்லா” என்றாள். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “இது மட்டும் நல்லா வந்துறட்டும். அதுக்கப்புறம் உங்கள நல்லா ஏசுதேன்” என்றாள். ஏசவில்லையே என்பதுதான் அப்போது எனக்குத் தாங்கவில்லை.

7

குழந்தை பிறக்கும் முன்னே நான் திரும்ப வேண்டியதாயிற்று. கேண்டீன் திறக்கிற தேதிக்கு ஒரு நாள் தாமதமானாலும் கடிதம் வரும்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது முறுக்குப் பொட்டலத்துக்கும் சேலைக்கும் நடுவே, பழைய துண்டில் சுற்றியபடி அந்தப் பாட்டில் இருந்தது. செல்விதான் வைத்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமான நிலையப் படிவத்தில் ‘தானியம் எதுவும் கொண்டுவரவில்லை’ என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதுவும் பொய்யாயிற்று.

கயல் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள், நான் முகம் சுளித்ததைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள். “அம்மா, ஸ்கூல்ல எங்களுக்கு இதுதான் முதல் பாடம். யார் சொன்னது, எங்கேர்ந்து வந்தது, செக் பண்ணாம அனுப்பக் கூடாதுன்னு. நீங்க இங்க ரூல்ஸ் எல்லாம் ஒழுங்கா ஃபாலோ பண்றீங்க. அங்க மட்டும் ஏன் அரசாங்கம் ஏமாத்தும்னு உடனே நம்பிட்டீங்க?”

பட்டென்று கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இங்கே பழுப்பரிசியைக் கலக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கலக்கிறேன். அங்கே சத்தரிசி கலந்தால் விஷம் என்று அலறுகிறேன். இங்கே சொல்லும்போது ஏன் என்றும் சொல்கிறார்கள். அங்கே அரிசி வந்து சேர்ந்தது, ஏன் என்ற பேச்சு செல்வியின் அடுப்படி வரைக்கும் வந்து சேரவில்லை. அந்த நர்ஸ் ஒருத்திதான் ஸ்கூட்டியில் கொண்டுவந்தாள், அதற்கு முன்னே என் குரல் போய் உட்கார்ந்துவிட்டது. இப்படியெல்லாம் நினைத்து என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை. என் மகள் அந்தப் பாட்டிலை அலமாரியில் முன்வரிசையில் வைத்தாள், எடுக்க வேண்டாம் என்றாள்.

இரண்டு வாரம் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் போனைப் பார்த்தேன். தட்டு கழுவும்போதும் ஈரக் கையோடு பார்த்தேன். செல்வி என் அழைப்பை எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும், “இருக்கா, நல்லாருக்கா” என்று இரண்டு வார்த்தை சொல்வார். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அந்தப் பிள்ளை என் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து அரிசி பொறுக்கியது.

மறுநாள் அந்தப் பிள்ளையிடம் போய்க் குனிந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பழுப்பரிசி எதற்கு என்றும் சொன்னேன். அது யோசித்துவிட்டு ஒரே ஒரு அரிசியை எடுத்து வாயில் போட்டு, முகத்தை அஷ்டகோணலாக்கி, “நாட் நைஸ்” என்றது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை முத்துவுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. குழந்தையை இரண்டு நாள் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத் தாயிடம் கொடுத்துவிட்டார்கள். தாய் நலம். செல்வி வீட்டுக்காரர்தான் சொன்னார்.

நேற்று, நான் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செல்வி. ஊரில் அப்போது இருட்டுப் பிரிந்திருக்காது. குழந்தைக்காரி வீடு, சீக்கிரம் எழுந்திருப்பாள் போல. தண்ணீர் சலம்புகிற சத்தம் கேட்டது.

“யக்கா, அரிசி களையுதேன்.”

“ம்.”

“மிதக்கு. அஞ்சாறு மிதக்கு.”

“விட்டுரு செல்வி.”

“விடத்தான் போறேன். நீ சொல்லுதேன்னு இல்ல. அந்த நர்ஸு பிள்ளகிட்டக் கேட்டேன், ரேஷன் கடையில கேட்டேன், முத்துவ மூட்டையில எழுதியிருக்கத வாசிக்கச் சொன்னேன். அதனால விடுதேன்.”

“சரிட்டி.”

“இனி நீ சொன்னாலும் கேட்டுட்டுத்தான் செய்வேன். கோவப்படாத.”

போனை வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் என் தங்கை என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாத முதல் நாள் அது. உறைக்கத்தான் செய்தது. பழுப்பரிசியை அளந்து வெள்ளை அரிசியோடு கலந்து உலையில் போட்டேன்.